ஐ.க்யூ. டெஸ்டுக்குக் கூட்டிப்போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் கையில் இருக்கும் ஃபைலைப் பார்த்தாலே இப்போதெல்லாம் விஷயம் புரிந்துவிடுகிறது. பெரிய ஸ்கேன் கவர், டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர்., நடுவில் கசங்கிப்போன ஒரு ஐ.க்யூ. ரிப்போர்ட். "இத்த எங்கணா குடுக்கணும்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. தம்பிக்காக மூன்று வருடம் அலைந்தவன், அவ்வளவுதான்.

தம்பி மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். 2022 ஆகஸ்டில் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் இடித்துத் தலையில் அடி. பதினொரு நாள் ஐ.சி.யூ. வெளியே வந்தபின் நடக்கிறான், பேசுகிறான், பழைய ஜோக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். ஆனால் யார்டில் பெட்டி எண்ண நின்றால் நாற்பதைத் தாண்டும்போது எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். "பார்க்க நல்லாத்தானே இருக்கான்" என்று உலகமே சொல்லும் இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் டெஸ்டும் சர்டிஃபிகேட்டும் அதிகம் தேவைப்படுகிறது. நடிக்கிறான் என்ற பெயரும் இவர்களுக்குத்தான் சீக்கிரம் வருகிறது. தம்பிக்கும் வந்தது. அதில் பாதித் தப்பு எங்களுடையது, 7ஆவது பகுதியில் சொல்கிறேன்.

1. எதற்காக டெஸ்ட் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே ரிப்போர்ட் போதும் என்று நினைத்து ஓடாதீர்கள். வழிகள் மூன்று.

பிறவியிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது யு.டி.ஐ.டி., வாங்குவது முதல் வழி. மாத உதவித்தொகை, நிராமயா என்கிற மருத்துவ இன்சூரன்ஸ், 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் எல்லாம் இதைத் தொட்டு வருபவை. அட்டைக்குக் கட்டணம் கிடையாது. "நான் வாங்கித் தர்றேன், மூவாயிரம் குடு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விபத்தில் மூளையில் அடிபட்டு, மோட்டார் வாகன விபத்து ட்ரிப்யூனலில் இழப்பீடு கேட்பது இரண்டாவது. சென்னையில் இது ஹைகோர்ட் வளாகத்துக்குள் இருக்கும் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் நடக்கும். இதற்கு யு.டி.ஐ.டி. அட்டை கட்டாயம் இல்லை, இது வேறு கணக்கு.

மூன்றாவது, குற்ற வழக்கில் மாட்டியவருக்கு விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலை இல்லை என்று சொல்வது. இதில் குடும்பம் தானாக டெஸ்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டக் கூடாது. வக்கீல் மனுப் போட்டு, கோர்ட் உத்தரவில்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குற்றம் நடந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒன்று (இப்போதைய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். 22ஆம் பிரிவு). இன்று கோர்ட்டில் தன் தரப்பைச் சொல்லிக்கொள்ள முடியுமா என்பது வேறு (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 367ஆம் பிரிவிலிருந்து வருபவை). இதற்கு மேல் வக்கீலிடம் கேளுங்கள், எனக்கு அனுபவம் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு என்பது வளரும் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும். முப்பது வயதில் லாரி இடித்து ஞாபகம் போனவரை அந்தப் பிரிவில் விண்ணப்பித்தால் சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவில் முதல் கேள்வியிலேயே திரும்பி வருவீர்கள். நான் அப்படி ஒரு தடவை வந்தேன். எந்தப் பிரிவு என்பதை நியூராலஜி டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

2. யார் டெஸ்ட் எடுக்க வேண்டும்

ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். கவுன்சிலர் அல்ல, "சைல்ட் டெவலப்மென்ட் எக்ஸ்பர்ட்" என்று போர்டு வைத்தவர் அல்ல, பள்ளிக்கூடத்தில் வந்து பேசிவிட்டுப் போகிறவர் அல்ல. ரிப்போர்ட்டில் கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்க வேண்டும், அந்த எண்ணை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். வெட்கப்படாமல் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா மகளுக்காக 2,500 கட்டி வாங்கிய வண்ணமயமான ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லை. மெடிக்கல் போர்டில், அதாவது அந்த மருத்துவக் குழுவில், அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவு உண்டு. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை. அப்புறம் கீழ்ப்பாக்கம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் அரசு மனநலக் காப்பகம். "கீழ்ப்பாக்கமா!" என்று எங்கள் அம்மா அழுதே விட்டார். ஏரியாவில் அந்தப் பெயரை வசவாகவே பழகிவிட்டோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஓ.பி. வரிசை, மரத்தடி பெஞ்ச், மற்ற ஆஸ்பத்திரி மாதிரிதான். பெயருக்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளைக்குப் பார்வை, கேட்பது, பேச்சு என்று வேறு குறைகளும் சேர்ந்திருந்தால் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனுக்கான நிறுவனத்துக்குப் போகலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டாமல் கிளம்பினாலும் ஒரு நாள் முழுக்க ஆகும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

3. எப்போது எடுப்பது

விபத்துக் கேஸுக்கு இது ரொம்ப முக்கியம். அடிபட்ட மூளை முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை நன்றாகவே தேறிக்கொண்டிருக்கும். மூன்றாம் மாதத்தில் டெஸ்ட் எடுத்தால் வரும் எண் நிலையானது அல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் அதை இரண்டே கேள்வியில் கழித்துவிடுவார். நாங்கள் நான்காம் மாதம் எடுத்தோம், வீண்.

ஆனால் டெஸ்டுக்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் ட்ரிப்யூனலில் மனுப் போட வேண்டும் என்று இருக்கிறது. முதலில் மனு, பிறகு நிதானமாக டெஸ்ட். நாள் தாண்டிவிட்டது என்று யாராவது சொன்னாலும் ஒரு வக்கீலைப் பார்க்காமல் கைவிடாதீர்கள்.

இன்னொன்று, ஒரே டெஸ்டை மாதத்துக்கு ஒரு இடத்தில் எடுக்காதீர்கள். முன்பு பார்த்த புதிரை மூளை ஞாபகம் வைத்திருக்கும், இரண்டாம் தடவை மதிப்பெண் கூடும். கூடினால் "தேறிவிட்டான்" என்பார்கள், குறைந்தால் "நடிக்கிறான்" என்பார்கள். எப்படிப் போனாலும் அடி நமக்குத்தான். குறைந்தது ஆறு மாதமாவது இடைவெளி விடுங்கள், முன்பு எடுத்ததை அடுத்த சைக்காலஜிஸ்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்

யு.டி.ஐ.டி.க்கு ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் பதிவு. ஆதார், முகவரிச் சான்று, போட்டோ, கையெழுத்து அல்லது கைநாட்டு, இருக்கிற மருத்துவச் சீட்டுகள். ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறு ஒன்று என்று இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். என் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

விபத்துக்கு: எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியில் முதலில் போட்ட ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) என்ட்ரி நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி., எம்.ஆர்.ஐ. ஃபிலிமும் அதன் எழுத்து ரிப்போர்ட்டும், பில்கள், சம்பளச் சான்று, குற்றப்பத்திரிகை. போலீஸ் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையை ட்ரிப்யூனலுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி. ஸ்டேஷனில் போய்க் கேட்டு நகல் வாங்குங்கள்.

யாரும் சொல்லித் தராதது ஒன்று உண்டு. அடிபடுவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஆதாரம். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், வேலையில் எழுதிய நோட்டு, டிரைவிங் லைசென்ஸ், பழைய சம்பளச் சீட்டு. இன்றைய ஐ.க்யூ. 82 என்று வந்தால் அது இழப்பா, முன்னாலிருந்தே அப்படியா என்று டெஸ்டுக்குத் தெரியாது, பழைய காகிதம்தான் சொல்லும். தம்பியின் மூன்று டேலி நோட்டுகளை யார்டு மேனேஜர் தேடிக் கொடுத்தார். 2021 நோட்டில் பத்தி பத்தியாக அச்சடித்த மாதிரி எண்கள். விபத்துக்குப் பிறகு ஒரு வாரம் மட்டும் வேலைக்குப் போய் எழுதிய பக்கத்தில் ஒரே கன்டெய்னர் நம்பரை நான்கு தடவை எழுதி, மூன்று முறை அடித்திருக்கிறான். அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே கலர் ஜெராக்ஸ் எடுத்தேன்.

5. செலவு

அரசு மருத்துவமனையில் டெஸ்டுக்குப் பணம் இல்லை, ஆனால் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். தனியாரில் நாங்கள் முதல் தடவை 3,500 கட்டினோம். இரண்டாம் தடவை, ஞாபகம், கவனம் எல்லாம் சேர்த்த முழு நரம்பு உளவியல் பரிசோதனைக்கு 7,000. ஆட்டோ, நகல், அட்டஸ்டேஷன், லீவு போட்ட சம்பளம் எல்லாம் தனி.

வக்கீலுக்குக் கொடுக்க முடியாதென்றால் இலவச சட்ட உதவி இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோருக்கும் உரிமை உண்டு. "வர்ற பணத்துல இருபது பர்சென்ட்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஃபைலை வாங்கிக்கொள்ளும் கேஸ் புரோக்கர்களிடம் ஒரிஜினல் எதையும் கொடுத்துவிடாதீர்கள். வக்கீலே ஆனாலும் ஜெயிக்கும் பணத்தில் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

6. டெஸ்ட் நாள்

முந்தின ராத்திரி நன்றாகத் தூங்க வைக்கவும். வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அங்கேயே வலிப்பு வந்துவிடலாம். வழக்கம் போலக் கொடுத்துவிட்டு, மாத்திரைப் பட்டியலைச் சைக்காலஜிஸ்டிடம் காட்டுங்கள். சில மாத்திரைகள் மந்தமாக்கும், அவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கண்ணாடி, காது மெஷின் மறக்காதீர்கள். கேட்டால் அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் கண்ணாடி இல்லாமல் போய்ப் பாதிப் படங்களைத் தவறவிட்ட பையனை எனக்குத் தெரியும்.

தமிழில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் புரிகிற தமிழில். முதல் இடத்தில் தம்பியிடம் கேட்ட தமிழ் பாடப்புத்தகத் தமிழ். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாணா கேக்குறாங்க?" என்றான். நான் பேச வாயைத் திறந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அது சரிதான், கூட வந்தவர் உள்ளே இருக்கக் கூடாது.

எந்த டெஸ்ட் என்பது வயதையும் படிப்பையும் பொறுத்தது. குழந்தைகளுக்கு பினே காமத், மாலின் டெஸ்ட், பலகையில் கட்டைகளைப் பொருத்தும் செகின். பெரியவர்களுக்கு வெக்ஸ்லர் டெஸ்ட். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு, பேச்சைச் சார்ந்திராமல் கைவேலையை வைத்துப் பார்க்கும் பாட்டியா டெஸ்ட். இதில் ஐந்து பகுதிகள். படிக்காத மீனவப் பெரியவருக்கு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கும் டெஸ்டை மட்டும் வைத்து எண் போட்டிருந்தால் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இதோடு சமூக முதிர்ச்சியை அளக்கும் வைன்லேண்ட் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. அது பிள்ளையைக் கேட்பது இல்லை, அம்மாவைக் கேட்பது. தானாகக் குளிக்கிறாளா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறாளா என்பது மாதிரி. இங்கே அம்மாக்கள் செய்யும் தப்பு, குறையைக் கூட்டிச் சொல்வதற்கு நேர் எதிர்த் திசையில். "எல்லாம் செய்வா சார், கெட்டிக்காரி" என்று பெருமைக்குச் சொல்லிவிடுவார்கள். தெருவிலிருக்கும் அந்த அக்கா, மகள் தனியாகக் கடைக்குப் போவாள் என்றார். கடைக்காரர் துண்டுச் சீட்டைப் பார்த்துச் சாமானைக் கொடுத்து, சில்லறையைப் பையில் போட்டு அனுப்புகிறார் என்பதைச் சொல்லவில்லை. அது தனியாகப் போவது ஆகாது. எந்த வேலையில் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்று முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

7. சொல்லிக்கொடுக்காதீர்கள்

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

முதல் டெஸ்டுக்கு முந்தின நாள் ஒருவர் வீட்டுக்கு வந்தார், கேஸ் விவகாரமெல்லாம் தெரிந்தவர் என்று மாமா கூட்டி வந்தார். டீ குடித்துக்கொண்டே தம்பியிடம், "இன்னா கேட்டாலும் தெர்லன்னு சொல்லு. படம் காட்டி எது பாத்தேன்னு கேட்டா, பாக்காததக் காட்டு. அப்பதான் பர்சென்ட் ஏறும்" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. தம்பிக்கு உண்மையிலேயே பாதிப்பு இருக்கிறது, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்ற நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. "பரிசோதனைக்கு உட்பட்டவர் போதிய முயற்சி தரவில்லை, பாதிப்பை மிகைப்படுத்திக் காட்டியிருக்க வாய்ப்பு உண்டு, மதிப்பெண்களை நம்பத்தக்கவையாகக் கொள்ள முடியாது." ஐ.க்யூ. எண்ணே போடவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது பிறகு இரண்டாவது சைக்காலஜிஸ்ட் அம்மா சொல்லித்தான் புரிந்தது. சில சோதனைகள் பார்க்கக் கஷ்டமாகத் தெரியும், ஆனால் நிஜமாக மூளை பாதித்தவர்களில் பெரும்பாலோர் கூட நன்றாகவே செய்துவிடுவார்கள். டாம் (TOMM) என்று சுருக்கமாகச் சொல்லும், 1996இல் வந்த ஒரு சோதனை உலகம் முழுக்க இதற்குப் பயன்படுகிறது. ஐம்பது படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்துவிட்டு, பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து எது முன்பு பார்த்தது என்று கேட்பார்கள். இப்படி ஐம்பது தடவை. இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கையை வைக்கிறார். பூவா தலையா போட்ட மாதிரி ஐம்பதுக்கு இருபத்தைந்து பக்கமாவது சரியாக விழும். அதைவிட ரொம்பக் கீழே போக வேண்டுமென்றால், சரியானது எது என்று தெரிந்து அதைத் தவிர்த்திருக்க வேண்டும். தம்பி வந்தவர் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான். முழுக்கத் தப்பாகச் சொன்னதே, அவனுக்குப் படங்கள் ஞாபகம் இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது.

இது ஒரு வழிதான். சுலபமானதைத் தவறவிட்டுக் கஷ்டமானதைச் சரியாகச் செய்வது, ஒரு டெஸ்டில் மூன்று எண்ணைத் திருப்பிச் சொல்ல முடியாதவர் வெளியே வந்து பத்து இலக்க போன் நம்பரை மனப்பாடமாகச் சொல்வது, இரண்டுக்கும் இரண்டுக்கும் எத்தனை என்றால் ஐந்து என்று சரியான பதிலுக்குப் பக்கத்து வீட்டிலேயே நிற்பது, ஸ்கேனில் இருக்கும் காயத்துக்கும் சொல்லும் குறைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருப்பது, இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். எந்தச் சோதனையில் எத்தனை வாங்கினால் தப்பிக்கலாம் என்று இங்கே எழுத மாட்டேன், கடையில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். டெஸ்ட் அறைக்கு வெளியேயும் கண் இருக்கிறது. இன்சூரன்ஸ் தரப்பில் ஆள் விட்டு, டீக்கடையில் நிற்பதை, பைக் ஓட்டுவதை வீடியோ எடுக்கிறார்கள். தம்பி செல்போனில் கேம் விளையாடும் வீடியோ ஒன்று கோர்ட்டுக்கு வந்தது. பழகிய விளையாட்டை விரல் தானாக ஆடும், புதிதாக வரும் கன்டெய்னர் நம்பரைத்தான் தலை பிடித்துக்கொள்ளாது என்பதை விளக்க ஒரு முழு வாய்தா ஆனது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் தோற்றவர் எல்லாம் நடிகர் இல்லை. நிஜமான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், கடும் மறதி நோய் உள்ளவர்கள் சிலர் நேர்மையாகச் செய்தே குறைவாக வாங்குவார்கள். வலி, மாத்திரை மயக்கம், மனச்சோர்வு, பயம் கூடக் காரணமாகலாம். அதனால் ஒரே ஒரு சோதனையை வைத்து "மாலிங்கரிங்", அதாவது நடிப்பு, என்று முத்திரை குத்துவது சரியில்லை, நல்ல சைக்காலஜிஸ்ட் அப்படிச் செய்யவும் மாட்டார். "முயற்சி போதவில்லை" என்பதும் "வேண்டுமென்றே ஏமாற்றினார்" என்பதும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வார்த்தையாகப் படியுங்கள்.

எங்களை மாதிரி ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? அடுத்த சைக்காலஜிஸ்டிடம் போனதும் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். நான் சொல்லும்போது கை நடுங்கியது. அந்த அம்மா திட்டவில்லை. பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டுத் தம்பியிடம், "உங்களால எவ்வளவு முடியுதோ அவ்வளவு செய்யுங்க, முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, அதுவும் எனக்குப் பதில்தான்" என்றார். விபத்து நடந்து பதினைந்தாம் மாதம் அது. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்துக்கொண்டு அவன் வியர்த்து வழிந்ததைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பொய் சொல்லத் தேவையே இருந்திருக்கவில்லை. கூட்டிச் சொல்லப் போனதில் பதினோரு மாதம் வீணானது.

வேண்டுமென்றே பொய்யாகச் சலுகை வாங்கினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவில் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

8. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும்

ஐ.க்யூ. 60 என்றால் 60 சதவீதம் பாதிப்பு என்று அர்த்தம் இல்லை. கடையில் தினமும் கேட்கிறேன் இதை. சராசரி 100. 70க்கும் கீழே மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர் மாதிரிதான் இருப்பார்கள். அந்த எண்ணும் கல்லில் வெட்டியது இல்லை, ஐந்து புள்ளி அப்படி இப்படி இருக்கும். அதனால் 68க்கும் 72க்கும் நடுவே வாழ்க்கையைக் கிழித்துப் போடக் கூடாது.

அட்டைக்கான சதவீதம் வேறு கணக்கு. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், வைன்லேண்டில் வரும் சமூக முதிர்ச்சி அளவு 55 முதல் 69 என்றால் 50%, 36 முதல் 54 என்றால் 75%, 21 முதல் 35 என்றால் 90%, அதற்கும் கீழே 100%. 70 முதல் 84 வரை 25%தான், அதாவது பெரும்பாலான சலுகைகளுக்கு வேண்டிய 40% வராது. 2024 மார்ச்சில் திருத்திய வழிகாட்டுதல் வந்திருக்கிறது, குழுவில் எதை வைத்துப் போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். மொத்த ஐ.க்யூ. சாதாரணமாகவே வரலாம். முன்பே கற்ற வார்த்தைகள், பொது அறிவு எல்லாம் அடி தாங்கி நிற்கும். வேகம், கவனம், புதிதாக ஒன்றை ஞாபகம் வைப்பது, திட்டம் போடுவது, இவைதான் உடையும். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஓட்டை மறைந்துவிடும். தம்பியின் மொத்த எண் 88, பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். வேகத்துக்கான எண் 68. அந்த இடைவெளியை ரிப்போர்ட்டில் ஒரு பத்தியாவது எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெயர், வயது, டெஸ்ட் நடந்த தேதி, எந்த மொழி, எந்தெந்த டெஸ்ட், முயற்சி எப்படி இருந்தது, கையெழுத்து, பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அப்போதே திருத்துங்கள்.

9. போர்டும் கோர்ட்டும்

ட்ரிப்யூனல் பெரும்பாலும் அரசு மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். தனியார் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள், ஆனால் குழு தானாகவும் பரிசோதிக்கும். வைத்தியமே பார்க்காத டாக்டர் எழுதித் தரும் ரெடிமேட் சர்டிஃபிகேட்டை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வக்கீல்களிடம் "ராஜ்குமார் தீர்ப்பு" என்றால் தெரியும், 2010இல் வந்தது. அதே தீர்ப்பில் நமக்குச் சாதகமான விஷயமும் உண்டு. உடம்பின் பாதிப்புச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழந்த சதவீதமும் ஒன்றல்ல, அவர் செய்த வேலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றது. போர்டு 30% போட்டாலும், எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இழப்பு அதைவிட அதிகம் என்று வாதாடலாம். எங்கள் டேலி நோட்டு வேலை செய்தது இங்கேதான். 12 வயதில் விபத்தில் மூளை பாதித்த ஒரு சிறுமியின் வழக்கில், 2020இல் உச்ச நீதிமன்றம் ஐ.க்யூ.வையும் சமூக வயதையும் பார்த்து, வாழ்நாள் முழுக்கத் துணைக்கு ஆள் வைக்கும் செலவையும் சேர்த்து இழப்பீட்டை 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. துணை ஆள் செலவைக் கேட்க மறக்காதீர்கள், நிறையப் பேர் மருந்துச் செலவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ரிப்போர்ட் எழுதியவர் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டி வரலாம். டெஸ்ட் எடுக்கும்போதே "கோர்ட்டுக்கு வருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வர மாட்டேன் என்பவரின் ரிப்போர்ட் வெறும் தாள்தான்.

10. மறுத்துவிட்டால்

யு.டி.ஐ.டி. சதவீதம் குறைவாக வந்தாலோ மறுத்தாலோ மேல்முறையீடு செய்யலாம். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொன்னது எங்கேயும் செல்லாது. எங்கே, எத்தனை நாளுக்குள் கொடுப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். கலெக்டர் ஆபீஸ் நமக்குப் பக்கம்தான், பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தாலே போதும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். தற்காலிகச் சான்றிதழ் கொடுத்திருந்தால் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கிளம்புங்கள்.

கடைசியாக, கடைக்காரனாக ஒரு வேண்டுகோள். ஒரிஜினல் ரிப்போர்ட்டையும் சர்டிஃபிகேட்டையும் லேமினேட் பண்ணச் சொல்லிக் கொடுக்காதீர்கள். முத்திரையைத் தடவிப் பார்க்க வேண்டும், பின்பக்கம் எழுத வேண்டும் என்று கோர்ட்டிலும் போர்டிலும் கேட்பார்கள், பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். என்னிடம் கொண்டு வந்தால் பத்து ரூபாய் கவரில் போட்டுக் கொடுப்பேன், லேமினேட் மட்டும் செய்து தர மாட்டேன்.